ஒரு கேள்வி அதிகம்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: நீதிபதி நாற்காலியில் சந்திரா மேடம். வாதிக்கு வக்கீலாக யூசுப். பிரதிவாதிக்கு வக்கீலாக என் மகள் பெனிட்டா. வாக்குமூலத்தை டைப் அடிக்க லேப்டாப்போடு ஒரு மாணவி. பெயர் கூப்பிடும் டவாலியாக, சிவப்பு ரிப்பனைத் தோளுக்குக் குறுக்கே போட்டுக்கொண்ட இன்னொரு மாணவி. பெஞ்சுகளில் மூன்றாம் வருஷப் பிள்ளைகள் பதினேழு பேர். இரண்டு தடவை எண்ணினேன். கடைசி பெஞ்சில், கதவுக்குப் பக்கத்தில், மடியில் ஹெல்மெட்டோடு என் வீட்டுக்காரர். கூண்டில் நான்.

கூண்டு என்றால் நிஜக் கூண்டு இல்லை. பேச்சுப் போட்டிக்கு வைக்கிற மர மேஜையைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு கால் குட்டை. அது ஆடியதா, நான் ஆடினேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இத்தனை பேரில் கடைசி பெஞ்சில் இருந்த ஒருத்தர் மட்டும் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வருவதாக அவர் சொல்லவும் இல்லை. குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட லேபில் வேலை. சனிக்கிழமை அரை நாள் என்பது எனக்குத் தெரியும்தான். ஆனால் மகள் வாதாடுவதைப் பார்க்க நேராக இங்கே வண்டியைத் திருப்புவார் என்று யார் கண்டது?

டெய்லர் எப்படி சாட்சி ஆனாள்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு என் தையல் மெஷினைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். ஒன்பதாவது பாதியில் நின்றவள் நான். இரும்புலியூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. ப்ளவுஸ், நைட்டி, பழைய புடவைக்கு ஃபால்ஸ். பெனிட்டா சட்டக் கல்லூரியில் சேர்ந்த பிறகு கறுப்புக் கோட்டும், கழுத்தில் கட்டுகிற வெள்ளை பேண்டும் சேர்ந்துகொண்டன.

அந்த பேண்ட் இருக்கிறதே, இரண்டு துண்டு வெள்ளைத் துணி, அவ்வளவுதான். ஆனால் முதல் தடவை அதைப் பதினோரு முறை பிரித்துத் தைத்தேன். ஒரு பக்கம் நூலளவு நீண்டிருந்தது. அதைப் பார்த்து ஜட்ஜ் கேஸைத் தள்ளிவிட்டால்? பெனிட்டா தலையில் அடித்துக்கொண்டாள். “மம்மி, ஜட்ஜ் டேப் வச்சுக்கிட்டு வரமாட்டார்” என்றாள். அது அவளுக்கு எப்படித் தெரியும்?

கோட்டு தைக்கக் கொடுத்த பிள்ளைகளில் ஒருவன் யூசுப். அப்பா குரோம்பேட்டையில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். இவன் வாயில் தேன்.

சந்திரா மேடம் செங்கல்பட்டு கோர்ட்டில் ரொம்ப காலம் வக்கீலாக இருந்தவர். சிட்லபாக்கத்திலிருந்து வந்து பாடம் எடுக்கிறார். மாதிரி வழக்கு நடத்துவதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. வகுப்புப் பிள்ளைகளையே சாட்சியாகப் போடக்கூடாது. அவர்கள் வக்கீலுக்கு என்ன வேண்டுமோ அதையே சொல்லித் தொலைப்பார்கள், நிஜ சாட்சி அப்படிச் சொல்லமாட்டான் என்பார். அதனால் சாட்சியை வெளியிலிருந்து பிடித்து வர வேண்டும். கேன்டீன்காரர், பஸ் டிரைவர், யாராவது.

சாட்சிக்கு அச்சடித்த ஒரே ஒரு பக்கம் கொடுப்பார்கள். அதில் இருப்பதை அதன்படி சொல்ல வேண்டும். அதில் இல்லாததைக் கேட்டால் சாட்சி தன் சொந்த வாழ்க்கையிலிருந்து உண்மையைச் சொல்ல வேண்டும். ஜோடிக்கக்கூடாது. இந்த இரண்டாவது விதியை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கவிழ்த்தது அதுதான்.

சொந்த அம்மாவைத் தன் பக்க சாட்சியாகப் போடக்கூடாது என்றும் விதி. எதிர்ப்பக்கம் போடலாமா என்பதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, யூசுப்பைத் தவிர. “ஆன்ட்டி, நீங்கதான் என் சாட்சி. பெனிட்டா உங்களை மிரட்டமாட்டா” என்று என் மெஷின் பக்கத்தில் நின்று சொன்னான். தன் மாமா கடை பிரியாணி வாங்கித் தருவதாகவும் சொன்னான். பெனிட்டா விஷயம் தெரிந்ததும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாவது நாள் பேச ஆரம்பித்தாள். அது இன்னும் மோசம்.

ஆமாவா, இல்லையா

ஜெயிக்கிறவருக்கு மேடமின் பழைய சீனியர் ஆபீஸில் லீவு முழுக்கப் போய் வேலை கற்றுக்கொள்ள இடம். எங்களைப் போல வீட்டில் ஒரு வக்கீலும் இல்லாதவர்களுக்கு அது சாதாரண விஷயம் இல்லை. அதனால் பெனிட்டா வீட்டையே கோர்ட்டாக்கிவிட்டாள்.

குறுக்கு விசாரணையில் ஏன், எப்படி, எது என்று கேட்கக்கூடாதாம். சாட்சிக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரியாம். பதிலை நாமே கேள்விக்குள் வைத்து, ஆமா இல்லை மட்டும் வாங்க வேண்டுமாம். வேண்டிய பதில் வந்ததும் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டுமாம். இதை எனக்குப் பத்துத் தடவை பாடம் நடத்தினாள்.

நடத்தியதோடு விட்டாளா? “நீ காலையில சாம்பார் வச்ச. ஆமாவா இல்லையா?” ஆமா. “உப்பு போட்டதா நினைச்ச.” ஆமா. “போட்டதை டேஸ்ட் பண்ணிப் பார்க்கல.” ஒரு வாரம். அடுப்படியில், துணி காயப்போடும்போது, பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு. கொஞ்சம் உப்பு போடும்மா என்று கேட்டால் குறைந்தா போய்விடுவாள்?

எனக்கு வேறு கவலை. சத்தியம் செய்ய வேண்டும் என்றார்கள். எனக்குக் கொடுத்த பக்கத்தில் என் பெயர் பூக்காரி சரோஜா. நிஜத்தில் நான் சரோஜா இல்லை. சரோஜா என்று கடவுள் பெயரில் சொல்லலாமா? சபை பாஸ்டரிடம் போய்க் கேட்டேன். கிறிஸ்மஸ் நாடகத்தில் ஏரோது வேஷம் போடுகிறவர் கொலைகாரர் ஆகிவிடுகிறாரா என்று கேட்டுச் சிரித்தார். ஏரோது சத்தியம் செய்யவில்லையே ஐயா என்றேன். நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

அதையும் மீறி ஒரு கவலை இருந்தது. அதை பாஸ்டரிடமும் சொல்லவில்லை.

லைனிங் துணிக்கு அடியில்

என் மாமனார் தன்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்து போட்டு, பல்லாவரத்தில் இருந்த சொந்த வீட்டை இழந்தவர். அதனால் கல்யாணமான வாரத்தில் என் வீட்டுக்காரர் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். யாருக்கும் எதிலும் கையெழுத்து போடாதே. நான் தலையாட்டினேன். அவ்வளவு வருஷம் அதைக் காப்பாற்றவும் செய்தேன்.

அப்புறம் விஜயா அக்கா வந்தாள். தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டியில் டிபன் போடுகிறவள். புது வண்டிக்கு ஃபைனான்ஸில் கடன் கேட்டிருந்தாள். ஃபைனான்ஸ் ஆள் காகிதக் கட்டோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார். கையெழுத்து போட வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி. பதினாலு இடம். அடுப்பில் குக்கர். முதல் விசிலில் ஆரம்பித்து மூன்றாவது விசிலுக்குள் முடித்துவிட்டேன். ஒரு வரி படிக்கவில்லை.

ஒரு வருஷம் அவள் ஒழுங்காகக் கட்டினாள். பிறகு அவள் புருஷனுக்குக் கிட்னி. வண்டியை விற்றுவிட்டு செய்யாறு பக்கம் போய்விட்டார்கள். அடுத்த ஐந்தாம் தேதி, பகல் பதினொரு மணிக்கு, ஃபைனான்ஸ் ஆள் என் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினார்.

மாசம் மூவாயிரத்து இருநூறு. அதாவது பதினாறு சாதா ப்ளவுஸ். விஜயா அக்கா போனை எடுக்காமல் இல்லை. எடுத்து அழுவாள். அதற்கு எடுக்காமலே இருந்து தொலைக்கலாம்.

தவணை கட்டுகிற கார்டையும் பத்திரத்தின் நகலையும் லைனிங் துணிக் கட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். வீட்டுக்காரர் துணிக் கட்டைத் தொடமாட்டார். பெனிட்டாவுக்கும் தெரியாது. அவளிடம் சொன்னால் அப்பாவிடம் போய்ச் சொல்வாள், சொல்லாவிட்டாலும் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும். வருகிற பைக் சத்தம் எல்லாம் ஐந்தாம் தேதி பைக்காகவே என் காதில் விழும்.

இப்படிப்பட்ட நிலைமையில்தான், சொந்த வாழ்க்கையிலிருந்து உண்மையைச் சொல்ல வேண்டிய ஓர் இடத்துக்கு நான் பிரியாணிக்குச் சம்மதித்துப் போனேன். என் புத்தியை எதில் அடிக்க?

சரோஜாவின் வாக்குமூலம்

வழக்கு இதுதான். முருகேசன் என்பவர் இரண்டு லட்சம் கடன் வாங்கி புரோநோட் எழுதிக் கொடுத்தார் என்கிறது வாதி தரப்பு. நான் கையெழுத்தே போடவில்லை என்கிறார் முருகேசன். பக்கத்துப் பூக்கடை சரோஜா அந்தக் காகிதத்தில் சாட்சிக் கையெழுத்து போட்டவள். முழுவதும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன் என்று அவளுடைய பக்கத்தில் எழுதியிருந்தது.

யூசுப் எழுந்ததுமே, “நீங்க அன்னைக்கு சாயங்காலம் முருகேசன் கையெழுத்து போட்டதைப் பார்த்தீங்க, இல்லையா?” என்றான். மேடம் பேனாவைக் கீழே வைத்தார். “உன் சாட்சிக்கு நீயே ஊட்டி விடாதப்பா. என்ன பார்த்தாங்கன்னு கேளு, அவங்க சொல்லட்டும்.” எதிர்ப்பக்க சாட்சியிடம்தான் அப்படிக் கேட்கலாமாம். சொந்த சாட்சியிடம் கூடாதாம். ஒரு வாரம் அடுப்படியில் நான் பட்டதற்குக் காரணம் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. நான் எதிர்ப்பக்கம்.

அவன் ‘மை லார்ட்’ என்று இரண்டு தடவை சொல்லித் திட்டு வாங்கினான். தாலுகா கோர்ட்டில் அதெல்லாம் இல்லையாம். அப்படி இப்படி எனக்குக் கொடுத்த பக்கத்தில் இருந்ததை எல்லாம் சொல்லி முடித்தேன்.

பிறகு என் மகள் எழுந்தாள். நான் தைத்த கோட்டு. இடது தோளில் ஒரு சுருக்கம் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். அன்றைக்கு, “சரோஜா அம்மா, நீங்க” என்று ஆரம்பித்தாள். கடையில் அப்போது கூட்டம், ஆமா. எங்கே போட வேண்டும் என்று வாதிதான் விரல் வைத்துக் காட்டினார், ஆமா. ஒவ்வொரு ஆமாவுக்கும் ஒரு அடி முன்னால் வந்தாள். நன்றாகத்தான் செய்தாள். அந்த நிலைமையிலும் எனக்கு அது தெரிந்தது.

“காகிதத்தை முழுசாப் படிச்சதா சொல்றீங்க.”

“ஆமா.”

“ஆனா உங்க வாழ்க்கையில இதுக்கு முன்னாடி, ஒரு வரி கூடப் படிக்காம ஒரு காகிதத்துல கையெழுத்து போட்டிருக்கீங்க. ஆமாவா இல்லையா?”

கொடுத்த பக்கத்தில் இல்லாத கேள்வி. நான் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். அவர் மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஆமா” என்றேன்.

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். படிக்காமல் கையெழுத்து போடுகிறவள் என்று ஆகிவிட்டது. அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மேடம்கூடப் பேனாவை மூடினார். ஆனால் பெனிட்டாவின் உதட்டோரம் சிரிப்பு துடித்தது. அவள் மனசில் இருந்தது ப்ராக்ரஸ் கார்டு. கணக்கில் முப்பத்தொன்று வாங்கிய கார்டில், நான் மாவு பிசைந்த கையோடு பார்க்காமலே கையெழுத்து போட்ட கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வகுப்பும் சிரிக்கட்டும் என்று நினைத்திருக்கிறாள்.

“அது எந்தக் காகிதம்னு கோர்ட்டுக்குச் சொல்லுங்க.”

நானும் ப்ராக்ரஸ் கார்டு என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. ஆனால் அவள் கேட்டதும் எனக்குக் கேட்டது குக்கர் விசில்தான். சரோஜா சொன்னதெல்லாம் சரோஜாவோடு போகட்டும், இது என்னைக் கேட்கிற கேள்வி, கடவுள் பெயரைச் சொல்லிவிட்டு நிற்கிறேன் என்று ஒரு பயம். அதோடு, மறைத்து மறைத்து அலுத்தும் போயிருந்தேன்.

“ஜாமீன் பத்திரம்” என்றேன். “விஜயா அக்கா கடனுக்கு. பதினாலு இடத்துல.”

டைப் அடிக்கிற சத்தம் நின்றது. கடைசி பெஞ்சில் ஹெல்மெட் மடியிலிருந்து தரைக்கு இறங்கியது. விழவில்லை. அவரே மெதுவாக வைத்தார். அது விழுந்திருந்தால் தேவலை.

பெனிட்டா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வேறு கேள்வி இல்லை என்றாள்.

யூசுப் எழுந்தான்

குறுக்கு விசாரணையில் புதிதாக ஏதாவது வந்தால், சாட்சியை அழைத்தவர் அதைப் பற்றி மட்டும் திரும்பக் கேட்கலாம். யூசுப் தயங்கித்தான் எழுந்தான். இப்போதும் அவனை அதற்காக மன்னிக்கிறேன்.

“அந்தக் கையெழுத்துக்கு அப்புறம், ஒரு காகிதம் உங்க கைக்கு வந்தா என்ன செய்வீங்க?”

“ஒரு எழுத்து விடாம படிப்பேன் தம்பி. கரண்ட் பில்லைக் கூடப் படிக்கிறேன். நீ குடுத்த இந்தப் பக்கத்தை ஏழு தடவை படிச்சேன். பின்னாடி காலேஜ் பஸ் டைம் அச்சடிச்சிருந்தது, அதையும் படிச்சேன்.”

வகுப்பு சிரித்தது. மேடமும் சிரித்தார். பெனிட்டா மட்டும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்காமல் கையெழுத்து போட்டுச் சூடு கண்ட பொம்பளை இந்த புரோநோட்டைப் படிக்காமலா போட்டிருப்பாள்? முதல் ஆமாவோடு அவள் உட்கார்ந்திருந்தால் யூசுப்புக்குக் கேட்க ஒன்றுமே இருந்திருக்காது. கதவை அவளே திறந்துவிட்டாள். அவன் உள்ளே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

வாக்குமூலத்தை அச்செடுத்துக் கொடுத்து, படித்துப் பார்த்துக் கையெழுத்து போடச் சொன்னார்கள். கோர்ட் பாஷையில் நான் சொன்ன ஆமா எல்லாம் வேறு மாதிரி ஆகியிருந்தது. “விஜயா என்பவரின் கடனுக்கு நான் படித்துப் பாராமல் பதினான்கு இடங்களில் ஜாமீன் கையொப்பம் இட்டுள்ளேன் என்றால் சரிதான்.” நாம் ஒத்துக்கொண்ட எல்லாவற்றின் முடிவிலும் இந்த ‘என்றால் சரிதான்’. இரண்டு பக்கத்தையும் முழுதாகப் படித்தேன். எல்லாரும் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டுமே.

வாதி பக்கம் தீர்ப்பு. சீனியர் ஆபீஸ் யூசுப்புக்கு.

ஷேர் ஆட்டோவில்

என் வீட்டுக்காரர் பைக்கில் முன்னால் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஷேர் ஆட்டோ.

“ஏம்மா சொன்ன?”

“நீ ஏன்டி கேட்ட?”

“ப்ராக்ரஸ் கார்டைச் சொல்லுவேன்னு நெனச்சேன்.”

“சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன்.”

வீட்டில் என்ன நடக்கப் போகிறதோ என்று எனக்குக் கவலை, இவளுக்குத் தீர்ப்பு. எதிரே உட்கார்ந்திருந்த அம்மா காய்கறிப் பையை இழுத்து அணைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார். இரும்புலியூர் வரும் முன்னால் பெனிட்டா என் கையைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே, “ஆனா கேள்வி தப்பும்மா. என் தப்புதான்” என்றாள். அது மன்னிப்பா, பாடமா என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் அவர் கத்தவில்லை. கார்டையும் பத்திரத்தையும் கேட்டார், கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். நான்கு நாள் படித்தார். நான்கு நாளும் என்னோடு பேச்சில்லை. “உங்க அம்மாவைக் காப்பி கேளு” என்று என் முன்னாலேயே மகளிடம் சொல்வார். திட்டித் தீர்த்திருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும்.

ஐந்தாம் தேதி லீவு போட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பதினொரு மணிக்கு ஃபைனான்ஸ் ஆள் பைக்கை நிறுத்தினார். என் வீட்டுக்காரர் அந்த ஆளை ரசீதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, தேதி போடச் சொல்லி, இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கினார். அந்த ஆளுக்கு வியர்த்துவிட்டது. பிறகு உள்ளே வந்து, எடுத்து வைத்திருந்த என் பணத்தில் பாதியை மெஷின் மேல் திருப்பி வைத்தார். பாதி அவர் கட்டியிருந்தார்.

“எட்டு ப்ளவுஸ் உன் கணக்கு, ஸ்டெல்லா. எட்டு என் கணக்கு” என்றார். “எங்கப்பா வீட்டைப் பத்தி மட்டும் யார்கிட்டயும் சொல்லாத.”

சொல்லிவிட்டேன். இந்த வாரம் அச்சில் வந்ததும் படிப்பார். அதற்கும் நான்கு நாள் ஆகும்.

யூசுப் பிரியாணியை மறக்கவில்லை. பெனிட்டா முதலில் தொடமாட்டேன் என்றாள், பிறகு முட்டையை மட்டும் எடுத்தாள், பிறகு எல்லாவற்றையும் தின்றாள். அவள் முகம் பார்க்கிற கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: ‘பதில் கிடைச்சாச்சா? உக்காரு.’ அடுத்து கொலை வழக்காம், நேரில் பார்த்த சாட்சி வேண்டுமாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்றைக்கு நாற்பத்தோராயிரத்து அறுநூறு இருந்தது. இப்போது விஜயா என்பவரின் கடனில் நானும் என் வீட்டுக்காரரும் கட்ட வேண்டிய பாக்கி இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு ரூபாய் என்றால் சரிதான்.